தலைகீழ் அக்காவின் ரேக்

பழைய வீடியோ கேம் டிஸ்குகளை வாங்கி விற்கிற அந்தக் கடைக்குள் நுழைந்ததும் இடது பக்கச் சுவரில் ஒரு ரேக் தெரியும். அதன் தலையில் ஒரு மஞ்சள் அட்டை. அட்டையில் தடித்த பேனாவால் "அக்கா சொன்னது" என்று எழுதியிருக்கும். மற்ற ரேக்குகளில் பந்தாட்டம், கார் ரேஸ், குத்துச்சண்டை என்று எல்லாம் கலந்து கிடக்கும். இந்த ரேக்கில் மட்டும் துப்பாக்கி கேம்கள்தான். அதிலும் ஒரே ஒரு ரகம். திரையில் ஆளின் உருவம் தெரியாது, அவன் கையும் கையிலிருக்கிற துப்பாக்கியும்தான் தெரியும். அவன் கண் நம் கண். எதிரே எவன் வந்தாலும் நாம்தான் சுட வேண்டும், செத்தாலும் நாம்தான் சாக வேண்டும்.

அட்டையில் இருக்கிற அக்கா யார் என்று தேடிக்கொண்டு போக வேண்டியதில்லை. கவுண்டருக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, டிஸ்கை வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பார்த்துக்கொண்டிருப்பாளே, அவள்தான். நாற்பதைத் தாண்டியவள். லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி. அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிற குடும்பத்தில் மூத்த மருமகள். அதனால் வீட்டில் பெரியவள், கடையில் அக்கா. இரண்டு இடத்திலும் அவள் பேச்சுக்கு மறு பேச்சு கிடையாது. அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவளிடம் கேம் கேட்டால் டிஸ்கை எடுத்து நீட்ட மாட்டாள். முதலில் வாயைப் பிடுங்குவாள். என்ன வேலை, வீட்டில் யார் யார், எப்போது விளையாடுவீர்கள், கோபம் வருமா, எல்லாம் கேட்பாள். சம்பந்தம் பேச வந்தவர்கள்கூட இத்தனை விசாரிக்க மாட்டார்கள். டாக்ஸி ஓட்டுகிறவருக்கு ரயில் கேமைக் கொடுத்தாள். ஒவ்வொரு பெட்டியாகச் சுட்டுக்கொண்டே முன்னேற வேண்டும், பெட்டிக்குப் பெட்டி ஆட்டம் தானாகப் பதிவாகிவிடும், நடுவில் சவாரி வந்தால் அப்படியே போட்டுவிட்டு ஓடலாம். புதிதாகக் கல்யாணம் ஆன ஒரு ஜோடிக்குச் சுரங்க கேம். அதில் ஒருவர் டார்ச் பிடிக்க வேண்டும், இன்னொருவர் சுட வேண்டும். "அதுல ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிட்டு நின்னீங்கன்னா ரெண்டு பேரும் சேந்தே சாவீங்க, நியாபகம் வச்சுக்கங்க" என்று சொல்லி அனுப்பினாள். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு நடுவில் நிறுத்த முடியாத கேமைத் தரவே மாட்டாள், காலில் விழுந்தாலும் தர மாட்டாள்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், விளையாடினால் தலை சுற்றி வாந்தி வருகிறது என்று டிஸ்கைத் திருப்பிக் கொடுக்க வந்தார். அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

"கேம் மேல தப்பில்ல சார். செட்டிங்ல பார்வை அகலம்னு ஒண்ணு இருக்கும், அதைக் கூட்டுங்க. நடக்கும்போது துப்பாக்கி ஆடுறதை நிறுத்தி வைங்க. அப்புறம் டிவியை முட்டிக்கிட்டு உக்காராதீங்க, தள்ளி உக்காருங்க."

வாத்தியார் மறு வாரமே வந்து இன்னொரு கேம் கேட்டார். அன்றிலிருந்து அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்.

அவளுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. கடைசிவரை விளையாடி முடிக்காத கேமை நல்லது என்றும் சொல்ல மாட்டாள், மோசம் என்றும் சொல்ல மாட்டாள். "முடிக்கலை. முடிச்சிட்டு சொல்றேன்" என்பாள். இந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஆட்கள் அந்த ரேக்கை நம்பினார்கள். கடை முதலாளியும் அதனால்தான் சொந்தக் கையால் அட்டை எழுதி ஒட்டினார். அட்டை ஒட்டிய அன்று அவள் வீட்டுக்குப் போய் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் புருஷனை வழியில் கடைப்பக்கம் ஸ்கூட்டரை நிறுத்தச் சொல்லி, கண்ணாடிக் கதவு வழியே அவர் அதைப் பார்க்கிறாரா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

சரி, தலைகீழ் அக்கா என்கிற பட்டப்பேர் எப்படி வந்தது? அதற்கு அவள் புருஷன்தான் காரணம். கல்யாணமான புதிதில், லிஃப்ட் ரிப்பேருக்குப் போன ஒரு கட்டடத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த எவரிடமோ ஒரு பழைய கேம் பெட்டியை மலிவாக வாங்கி வந்தார். அந்தப் பெட்டியில் முன்னவர் ஏதோ விமானம் ஓட்டுகிற ஆசாமி போலிருக்கிறது, கன்ட்ரோலரில் மேல் கீழை மாற்றி வைத்திருந்தார். பார்க்கிற குச்சியை முன்னால் தள்ளினால் பார்வை கீழே இறங்கும், பின்னால் இழுத்தால் மேலே ஏறும். புருஷன் அரை மணி விளையாடி, தலைவலி என்று தூக்கிப் போட்டார். இவள் எடுத்தாள். விட்டாளா? அப்படியே பழகினாள். ஊர் உலகம் முழுக்க அப்படித்தான் விளையாடுகிறது என்று வருஷக்கணக்காக நம்பினாள்.

கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் குட்டு உடைந்தது. கடையில் ஆட்கள் விளையாடிப் பார்க்க ஒரு டிவியும் பெட்டியும் உண்டு. இவள் காலையில் வந்ததும் அதன் மேல் கீழைத் தன் பழக்கத்துக்கு மாற்றி வைப்பாள். விளையாடிப் பார்க்க வருகிறவன் எல்லாம் தரையைச் சுட்டுக்கொண்டு நின்றான், கூரையைச் சுட்டுக்கொண்டு நின்றான். கடைசியில் யாரோ கண்டுபிடித்துச் சிரித்தார்கள். உலகம் வேறு மாதிரி விளையாடுகிறது என்று தெரிந்தபோது அவள் கொஞ்சமும் அசரவில்லை.

"நாம தலையை முன்னால சாய்ச்சா தரைதானே தெரியும்? பின்னால சாய்ச்சா வானம் தெரியும். நான் சரியாத்தான் ஆடுறேன். நீங்க எல்லாரும்தான் தலைகீழா ஆடுறீங்க."

பேர் என்னவோ அவளுக்குத்தான் ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் அது பிடித்திருந்தது. ஊரில் ஒரே ஒருத்திதான் தலைகீழ் அக்கா.

இப்போது சின்னவளுக்கு வருவோம். கொழுந்தனின் மனைவி, இவளுக்கு ஓரகத்தி. கல்யாணமாகி வந்து மூன்று வருஷம். ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. விடிந்ததும் போய்விடுவாள், சாப்பிடாமல் வருகிறவர்களுக்கெல்லாம் ரத்தம் எடுத்து முடித்து, மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுவாள். அதிர்ந்து பேச மாட்டாள். பெரியவள் ஹாலில் விளையாடும்போது சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே பார்ப்பாள். "ஏன்க்கா அந்த ஏணிக்குக் கீழ போய் ஒளியறீங்க?" என்று எப்போதாவது கேட்பாள். பெரியவளும் பெருமையாகப் பதில் சொல்வாள். மேலே இருந்து வருகிறவன் ஏணியைப் பார்ப்பானே தவிர ஏணிக்கு அடியைப் பார்க்க மாட்டான் என்று விளக்குவாள். பார்க்க ஆள் இருந்தால் யாருக்குத்தான் கசக்கும்?

ஆனால் "இந்தா, நீ விளையாடிப் பாரு" என்று கன்ட்ரோலரை ஒரு நாளும் நீட்டியதில்லை. அது கையைவிட்டுப் போகிற சாமானா என்ன? இருந்தாலும் நீட்டவில்லை.

பெரியவள் கடைக்குப் போனபிறகு மத்தியான வேளைகளில் சின்னவள் விளையாடுகிறாள் என்பதே அவளுக்கு டாக்ஸிக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. அன்று அவர் முழங்கை மடிப்பில் பஞ்சும் பிளாஸ்திரியுமாகக் கடைக்கு வந்தார்.

"அக்கா, அந்த விளக்கு கேம் இருக்கா?"

"எந்த விளக்கு?"

"கலங்கரை விளக்கம் இருக்குமே. தீவுல ஒருத்தன் தனியா மாட்டிக்குவான். கையில ஒரே ஒரு துப்பாக்கி. விளக்கு சுத்தி வர்ற நேரம் பாத்து சுடணுமாம்."

"அது தேறாது. யார் சொன்னா உங்களுக்கு?"

"லேப்ல ரத்தம் எடுத்தாங்களே ஒரு அம்மா, அவங்க. ஊசியைப் பாக்காதீங்க, கேம் விளையாடுவீங்களான்னு கேட்டாங்க. அந்தக் கதையைச் சொல்லிக்கிட்டே எடுத்துட்டாங்க. குத்துனதே தெரியல போங்க. உங்க வீட்டுல இருக்கறவங்கதானாமே?"

பெரியவள் முகத்தில் ஈயாடவில்லை. டிஸ்கை எடுத்துக் கொடுத்தாள். அது ரேக்கில் இல்லை, வந்திருந்த பிரதிகள் அத்தனையும் கவுண்டருக்கு அடியில் கழித்துக்கட்டிய டிஸ்குகள் கிடக்கிற கூடையில் இருந்தன. அந்தக் கூடையில் போட்டதும் அவள்தான்.

இங்கே ஒரு விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட வேண்டும். விளக்கு கேம் மோசமான கேம் இல்லை. அதைச் செய்தவர்கள் மேல் கீழ் மாற்றுகிற வசதியை வைக்க மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். பெரியவள் வீட்டில் அதைப் போட்டு, செட்டிங் முழுக்கத் தேடினாள், கிடைக்கவில்லை. சரி என்று அப்படியே ஆட உட்கார்ந்தால், சுட வேண்டிய ஆள் பாறைமேல் நிற்க இவள் கடலைச் சுட்டாள். முதல் காவல்காரனிடமே எட்டு முறை செத்தாள். கன்ட்ரோலரைச் சோபாவில் எறிந்துவிட்டு, மறுநாள் கடைக்கு வந்து கேட்டவர்களிடமெல்லாம் "தேறாது" என்று சொன்னாள். வீட்டுக்குக் கொண்டுபோன டிஸ்க் டிவிக்கு அடியில் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்து, பிறகுதான் கடைக் கூடைக்குத் திரும்பியது. முடிக்காத கேமைப் பற்றி அவள் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. உறுத்தியது. ஆனால் எனக்கு வரவில்லை என்று சொல்வதற்கு அவளுக்கு நாக்கு புரளவில்லை.

டாக்ஸிக்காரரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அப்புறம் பிளாஸ்திரிக்காரர்கள் வரிசையாக வர ஆரம்பித்தார்கள். கதவு திறக்கும், பெரியவளின் கண் முகத்துக்குப் போகாது, நேரே முழங்கைக்குப் போகும். அங்கே பஞ்சு இருந்தால் அவள் வயிற்றில் பற்றிக்கொள்ளும். சர்க்கரைக்குப் பார்த்தவர், ரத்தசோகைக்குப் பார்த்தவர், தைராய்டுக்குப் பார்த்தவர், எல்லாருக்கும் விளக்கு கேம் வேண்டும். பிறகு இன்னும் இரண்டு மூன்று கேம்களின் பேர்களும் வந்தன. அவற்றில் ஒன்றைப் பெரியவள் பார்த்ததுகூட இல்லை. இவள் ஒரு ஆளிடம் அரை மணி பேசிக் கண்டுபிடிக்கிற விஷயத்தைச் சின்னவள் ஒரு ஊசி குத்துகிற நேரத்தில் கண்டுபிடித்துவிடுகிறாளா? அப்படி என்ன பெரிய கைராசி?

வீட்டில் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விஷயம் அன்றைக்கே தெளிந்திருக்கும். அதற்குப் பதில் சாமான்களைப் போட்டு உருட்டினாள். சின்னவள் டீ போட்டுக் கொடுத்தால் "சர்க்கரை போட்டியா இல்லையா, உன் லேபுக்கு வந்துதான் தெரிஞ்சுக்கணும் போலிருக்கு" என்றாள். சின்னவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் எரிச்சலாக இருந்தது. புருஷன் மட்டும் ஒரு தடவை, "என்ன, உனக்கும் அவளுக்கும் ஏதாவது?" என்று கேட்டார். "எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றாள். இந்தப் பதிலைக் கேட்டுப் பழகிய மனிதர் என்பதால் அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

முதலாளிக்கு இதெல்லாம் புரியாது. அவருக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று, கூடையில் கிடந்த டிஸ்க் விற்கிறது. ஒரு நாள் தொப்பையைக் கவுண்டரில் சாய்த்துக்கொண்டு பேச்சை எடுத்தார்.

"நம்ம கடை ஆரம்பிச்ச நாள் வருதுல்ல, அன்னிக்கு ஒரு ஆட்டம் வைக்கலாமா? நீங்களும் உங்க ஓரகத்தியும் எதிர் எதிரா. ஆளுங்க கூடுவாங்க."

"அவ எதுக்கு?"

"அவங்க பேரைச் சொல்லிக்கிட்டுத்தானே இப்ப பாதிப் பேர் வர்றான். ஜெயிக்கறவங்க பேர்ல ரேக்கை வச்சிருவோம். புது அட்டை போட்டுடலாம்."

"ரேக்குக்குப் பேர் ஏற்கெனவே இருக்கு."

"அப்ப ஜெயிங்க. பேர் அப்படியே இருக்கட்டும். நான் வேணாங்கறேனா?"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். அவளுக்கு அது விளையாட்டாக இல்லை. அந்த மஞ்சள் அட்டையைத் தவிர இந்த உலகத்தில் அவள் பேரில் எழுதி ஒட்டியது வேறொன்றும் இல்லை. வீடு மாமனார் பேரில், ஸ்கூட்டர் புருஷன் பேரில். அட்டையில்கூட அவள் பேர் இல்லைதான், அக்கா என்றுதான் இருக்கிறது. ஆனாலும் அந்த அக்கா அவள்தான் என்று எல்லாருக்கும் தெரியும். அதைச் சின்னவள் கொண்டுபோவதா?

முடியாது என்று சொன்னால் பயந்துவிட்டாள் என்பார்கள். சரி என்றாள். சின்னவளிடம் முதலாளியே போனில் கேட்டார். அவள் முதலில் தயங்கினாளாம், பிறகு "அக்கா ஆடுறாங்கன்னா சரி" என்றாளாம். அடக்கத்தைப் பாரேன் என்று பெரியவள் மனசுக்குள் கறுவினாள்.

ஆட்ட நாளன்று காலை வழக்கத்தைவிட முன்னதாகவே கடையைத் திறந்தாள். கூட்டி, நாற்காலிகளைப் போட்டு, டிவியை நடுவுக்கு நகர்த்தி, சுரங்க கேமைப் போட்டாள். அந்தக் கேமில் எதிர் எதிராகவும் ஆடலாம். திரை இரண்டாகப் பிரியும், இடது பாதி ஒருவருக்கு, வலது பாதி ஒருவருக்கு. இடது பக்கம் தனக்கு வைத்து, வழக்கம்போல மேல் கீழை மாற்றினாள். வலது பக்கம் எல்லாரும் ஆடுகிற மாதிரி நேராக இருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். வாசலைத் திரும்பிப் பார்த்தாள். தெருவில் எதிர்க்கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார், வேறு யாரும் இல்லை. வலது பக்கத்தின் செட்டிங்கைத் திறந்து, அதையும் தலைகீழாக மாற்றினாள்.

கொழுந்தன் பந்தாட்ட கேம் ஆடுகிறவன், நேராகத்தான் ஆடுவான். பெண்டாட்டிக்கு அவன்தான் சொல்லிக் கொடுத்திருப்பான். உட்கார்ந்ததும் சின்னவள் கூரையைச் சுடுவாள், தரையைச் சுடுவாள், என்ன ஏது என்று புரிவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். பிளாஸ்திரிக்காரர்கள் எல்லாரும் பார்ப்பார்கள்.  பெரியவள் செட்டிங்கை மூடிவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டாள்.

கூட்டம் நன்றாகவே வந்தது. டாக்ஸிக்காரர் வண்டியைத் தெருவில் குறுக்கே நிறுத்திவிட்டு வந்தார். வாத்தியார் முன்வரிசையில், ஆனால் தள்ளி உட்கார்ந்தார். அண்ணன் தம்பி இருவரும் சுவரோரம் நின்றார்கள், யார் பக்கம் கை தட்டுவது என்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டார்கள். சின்னவள் லேப் கோட்டை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். கன்ட்ரோலரை எடுத்துக் குச்சியை மெல்ல முன்னால் தள்ளிப் பார்த்தாள். வலது பாதித் திரையில் பார்வை கீழே இறங்கியது. சின்னவள் சட்டென்று திரும்பிப் பெரியவளைப் பார்த்தாள். 

கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்துப் பெரியவள் கண்ணைத் திரைக்குத் திருப்பிக்கொண்டாள். அதற்குள் முதலாளி ஆட்டத்தை ஆரம்பித்துவிட்டார்.

ஆரம்பித்ததும் நடந்ததைப் பெரியவளால் நம்ப முடியவில்லை. வலது பாதியில் துப்பாக்கி கூரைக்கும் போகவில்லை, தரைக்கும் போகவில்லை. ஊசி நரம்பைத் தேடுகிற மாதிரி நிதானமாகத் தேடி வந்து நின்றது. முதல் சுற்றில் பெரியவள் ஜெயித்தாள், அதுவும் தட்டுத்தடுமாறி. இரண்டாவது சுற்று சின்னவளுக்கு. மூன்றாவது சுற்றில் பெரியவள் சுரங்கத்தின் மேல் தளத்திலிருந்து கீழே இறங்கினாள். சின்னவளை எங்கேயும் காணவில்லை. அவளுடைய பாதித் திரையை எட்டிப் பார்க்கலாம், ஆனால் கடையில் அது மானக்கேடு, அதை மட்டும் பெரியவள் செய்யவில்லை. ஏணியைப் பிடித்து இறங்கினாள். கடைசிப் படிக்கு வந்ததும் ஏணிக்கு அடியிலிருந்து ஒரே ஒரு குண்டு வந்தது.

அது அவளுடைய இடம். வருஷக்கணக்காக அவள் பதுங்குகிற இடம். சோபா ஓரத்தில் துணி மடித்துக்கொண்டு கேட்டவளுக்கு அவளே வாயால் சொல்லிக் கொடுத்த இடம்.

கடை முழுக்கக் கைதட்டல். டாக்ஸிக்காரர் விசில்கூட அடித்தார். முதலாளி புது அட்டையும் பேனாவும் கையுமாக வந்தார். அப்போதுதான் சின்னவள் எழுந்து நின்று, எல்லார் எதிரிலும் பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நான் நேத்து முழுக்க பயந்துக்கிட்டே இருந்தேன். இங்க நேரா இருக்கும், எனக்கு சுத்தமா வராது, மானம் போகப்போகுதுன்னு. நீங்க எனக்காக மாத்தி வச்சிருக்கீங்க. உக்காந்ததும் பாத்தேன். எனக்கு அழுகையே வந்துடுச்சு."

"என்னது?" என்றார் முதலாளி.

"நான் அக்காவைப் பாத்துத்தான் பழகினேன் சார். அக்காவோட செட்டிங்லயே. குச்சியை முன்னால தள்ளினா தரை தெரியும்னுதான் நினைச்சேன், எல்லாரும் அப்படித்தான்னு. அந்த விளக்கு கேம் போட்டப்பதான் தெரிஞ்சுது. அதுல மாத்தவே முடியாது. செத்துச் செத்து, ஒரு மாசம் ஆச்சு அதை முடிக்க. அது நின்னு நிதானமா சுடற கேம், அவசரமா ஆடணும்னா எனக்கு நேரா வராது. எனக்குக் கை வர்றது அக்கா கைதான். ஜெயிக்கணும்னா இவங்க பேசாம விட்டிருக்கலாம், நான் கூரையைத்தான் சுட்டுக்கிட்டு இருந்திருப்பேன். விடலையே."

கூட்டத்தில் "அடடா" என்று ஒரு சத்தம் எழுந்தது. வாத்தியார் எழுந்தே நின்றுவிட்டார். பெரியவளுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்திருந்தால் ஜெயித்திருப்பாள். அட்டையும் நிலைத்திருக்கும். கெடுக்கப் போய்க் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

அதோடு முடிந்ததா? இல்லை. முதலாளி புது அட்டையில் என்ன எழுதுவது என்று கேட்டபோது, சின்னவள் பேனாவை வாங்கி மூடியைப் போட்டு மூடிவிட்டாள்.

"பழைய அட்டையே இருக்கட்டும் சார். நான் சொல்றதும் அக்கா சொன்னதுதான்."

மறுபடியும் கைதட்டல். முதல் கைதட்டலைவிடப் பலம். பெரியவளுக்கு உள்ளே திகுதிகுவென்று எரிந்தது. ஆட்டத்தில் ஜெயித்ததோடு விட்டாளா? நல்லவள் என்கிற பேரையும் அவளே வாங்கிக்கொண்டாள். அதில் பாதியை இவளுக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டாள், அதுதான் இன்னும் தாங்கவில்லை. அட்டை தலைக்கு மேல் அப்படியே இருந்தது. அன்று அதை நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது அண்ணன் தம்பி முன்னால் நடந்தார்கள். இவர்கள் இருவரும் பின்னால். பேசாமல் வந்துவிடலாம். சின்னவளாகக் கண்டுபிடிக்கப் போவதில்லை, வேறு யாரும் பார்க்கவும் இல்லை. ஆனால் சின்னவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள், அந்தச் சூடு தாங்கவில்லை. பெரியவள் நடைபாதையில் அப்படியே நின்றுவிட்டாள்.

"இங்க பாரு. நான் உனக்காக ஒண்ணும் மாத்தி வைக்கல. நீ நேரா ஆடுவேன்னு நினைச்சேன். உன் கை ஓடக்கூடாது, நீ தோக்கணும்னுதான் மாத்தினேன். தெரிஞ்சுதா?"

சின்னவள் அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"போங்கக்கா. நாலு பேர் புகழ்ந்துட்டா உங்களுக்கு ஆகாது. உடனே உங்களையே மட்டம் தட்டிக்குவீங்க."

"நெஜமாத்தான் சொல்றேன்டி."

"சரி சரி. நம்பிட்டேன், வாங்க."

நம்பவில்லை. உண்மையைச் சொன்னாலும் அதுவும் பெருந்தன்மைக் கணக்கில் போய்ச் சேர்ந்தால் ஒரு மனுஷி என்னதான் செய்வாள்?

சின்னவள் சும்மா இருக்கிறவளா? ரத்தம் எடுக்கிறபோது விளக்கு கேமின் கதையைச் சொன்னவள் இப்போது இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். கடைக்குப் பிளாஸ்திரிக்காரர்கள் வருவது நிற்கவில்லை, ஆனால் இப்போது வேறு விதமாக வந்தார்கள். கவுண்டருக்கு வந்து, "ஓரகத்திக்காக மாத்தி வச்சிட்டுத் தோத்தீங்களாமே, நீங்கதானா?" என்று கேட்டு, கும்பிடாத குறையாகப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரியவள் ஒவ்வொரு தடவையும் டிஸ்கைத் துடைத்தாள். துடைத்துத் துடைத்து டிஸ்க் தேய்ந்ததுதான் மிச்சம்.

ஒரு நாள் வாத்தியார் வந்தார். அவர் கையிலும் பஞ்சு.

"அந்த விளக்கு கேமை நானும் வாங்கலாம்னு பாக்கறேன். லேப்ல அந்தப் பொண்ணு ரொம்ப சொல்லுது. ஆனா உங்க ரேக்ல இல்லியே? தேறாதுன்னு நீங்க சொன்னதா டாக்ஸிக்காரர் சொன்னார். நீங்க சொன்னா வாங்கறேன், வேணாம்னா விட்டுடறேன்."

எத்தனையோ பேர் அந்தக் கேமைக் கேட்டிருக்கிறார்கள், ஆனால் அவள் வார்த்தைக்காகக் காத்து நின்றது இவர் ஒருவர்தான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், போய்விடுவார். சின்னவள் சொன்னது ஒரு இடத்திலாவது செல்லாமல் போகும். அவளுக்கு அந்த ஆசை வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். கூடையில் கிடந்த டிஸ்கை எடுத்துக் கவுண்டரில் வைத்தாள்.

"நான் தப்பா சொல்லிட்டேன் சார். அதை நான் முடிக்கல. எனக்கு அது ஆட வரல. அதான் உண்மை. முடிச்சவ சின்னவ. அவ நல்லாருக்குன்னு சொன்னா நல்லாத்தான் இருக்கும். எடுத்துட்டுப் போங்க."

வாத்தியார் அவளை ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு டிஸ்கை வாங்கிக்கொண்டார். அவர் போனதும் கூடையில் மிச்சமிருந்த ஒன்றை எடுத்து, துடைத்து, தன் ரேக்கில் கண்மட்டத்தில் வைத்தாள். வைக்கும்போதும் வயிறு எரியத்தான் செய்தது. கொஞ்ச நேரம் கழித்து அதையே திரும்ப எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

கடைக்கு விடுமுறையான நாளில் மத்தியானம் சின்னவள் லேபிலிருந்து வந்தபோது, ஹாலில் டிவி போட்டிருந்தது, விளக்கு கேமின் தீவு திரையில் நின்றது. பெரியவள் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள், மடியில் துவைத்த துணிக் குவியல். கன்ட்ரோலர் சோபாவின் நடுவில் இருந்தது.

"நீங்க ஆடலியாக்கா?"

"நீ ஆடு. நான் பாக்கறேன்."

சின்னவள் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து கன்ட்ரோலரை எடுத்தாள். குச்சியை முன்னால் தள்ளினாள், திரையில் தரை போய் வானம் வந்தது. பாறைமேல் நின்றவனை விளக்கு தொட்ட நேரத்தில் ஒரே குண்டு. முதல் காவல்காரன் விழுந்தான். பெரியவளின் கையில் மடித்த துணி அப்படியே நின்றது.

"இரு, இரு. ஓடாத" என்றாள். "எப்படித் தள்ளினே? இன்னொரு தடவை மெதுவா காட்டு."